வாக்கிங், ஜாகிங், ஜிம், சும்பா: எடை குறைக்க முதல் 12 வாரத்துக்கு எது தாங்கும்?

எடையைக் குறைக்கலாம் என்று முடிவெடுத்தவர் முதலில் பார்ப்பது எதில் கலோரி அதிகம் கரையும் என்பதைத்தான். அப்படிப் பார்த்தால் ஜாகிங்கும், குதித்துக் குதித்துச் செய்யும் ஹிட் (HIIT: உச்ச முயற்சியும் சிறு ஓய்வும் மாறி மாறி வரும் பயிற்சி) வகுப்பும்தான் முன்னால் நிற்கும். அவற்றில் வேகமாக இறங்கியவர்கள் ஐந்தாவது வாரமே குதிகால் வலியோடு வீட்டில் உட்கார்ந்துவிடுவது அந்தக் கணக்கில் வருவதில்லை. அதனால் இந்த ஒப்பீட்டுக்கு அளவுகோலை மாற்றிக்கொள்கிறோம்: எந்தப் பயிற்சியை 12-ஆவது வாரத்திலும் தடையில்லாமல் செய்துகொண்டிருக்க முடியும்?

பேச்சு வசதிக்கு ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 40, எடை 85 கிலோ, உயரம் 168 செ.மீ., பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 30. நாள் முழுக்க நாற்காலி வேலை. கடைசியாக ஓடியது கல்லூரி நாட்களில். காலையில் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியும்.

முதலில் எது கைவிடும்?

விளையாட்டு மருத்துவத்தில் ஓவர்டிரெயினிங் என்று சொல்வது, மாதக்கணக்கில் கடும் பயிற்சி செய்யும் வீரர்களுக்கு வருவது. ஓய்வெடுத்தாலும் அவர்களுக்குப் பல வாரங்கள், சில சமயம் மாதங்கள் வரை பழைய திறன் திரும்பாது. நம் 85 கிலோக்காரர் அந்த எல்லைக்குப் போகவே மாட்டார். அதற்கு வெகு முன்னாலேயே வேறு மூன்று இடங்களில் மாட்டிக்கொள்வார்.

ஒன்று, தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) எலும்பும். மூச்சும் தசையும் இரண்டு மூன்று வாரத்தில் தேறத் தொடங்கிவிடும். தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதங்கள் தேவை. புதிய சுமை விழும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். இடைப்பட்ட வாரங்களில் அது சற்றுப் பலவீனமாகவே இருக்கும். மூன்றாவது வாரத்தில் "மூச்சே வாங்கவில்லையே, இன்னும் ஒரு ரவுண்டு போகலாம்" என்று தோன்றுவதும் அதே சமயத்தில்தான். படைவீரர்களின் கால் வீக்கத்தை ப்ரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர் 1855-இலேயே எழுதிவைத்தார். அது பாத எலும்பில் விழுந்த நுண்முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது. அணிவகுப்பில் நடந்தே வந்த முறிவு அது.

இரண்டு, பழக்கமில்லாத தசைக்கு முதல் நாளே கொடுக்கும் அளவு மீறிய வேலை. மூன்று, சாப்பாட்டை ஒரேயடியாகக் குறைத்துவிட்டுப் பயிற்சியைக் கூட்டுவது. எடை குறைக்க வருகிறவர்களைப் பொறுத்தவரை மூன்றாவதுதான் பெரிய வில்லன். அதைப் பிறகு பார்ப்போம்.

வாக்கிங்கா, ஜாகிங்கா?

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் 45 நிமிடம் நடந்தால், சும்மா உட்கார்ந்திருப்பதைவிடக் கூடுதலாக ஏறக்குறைய 160 கலோரி செலவாகும். மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் அரை மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 300. வித்தியாசம் 140, கிட்டத்தட்ட ஒரு மெதுவடை. நடப்பதை வாரத்துக்கு ஐந்து நாள் செய்யலாம், மொத்தம் 800. புதிதாக ஓடுகிறவர் மூன்று நாளுக்கு மேல் ஓடக்கூடாது, மொத்தம் 900. வார முடிவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

மூட்டுக்குப் போகும் சுமை அப்படி நிற்பதில்லை. நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் காலில் இறங்குவது உடல் எடையின் ஒன்று முதல் ஒன்றரை மடங்கு. ஓடும்போது இரண்டு முதல் மூன்று மடங்கு. 85 கிலோக்காரருக்கு அது 170 முதல் 250 கிலோ வரை. அரை மணி நேர ஓட்டத்தில் சுமார் 4,800 தடவை. குதிகாலும் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பும் வலிக்கத் தொடங்குவதற்கு வேறு மர்மக் காரணம் தேட வேண்டியதில்லை.

"மெதுவாகக் கூட்டினால் ஓட்டமும் பாதுகாப்புதானே?" என்று கேட்பார்கள். வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டாதே என்ற விதி எல்லா இடத்திலும் புழங்குகிறது. நெதர்லாந்தில் புதிதாக ஓடுகிறவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒன்றுக்கு 10 சதவீத விதிப்படியும் மற்றொன்றுக்கு வழக்கமான 8 வாரத் திட்டப்படியும் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளியானது. இரண்டு குழுவிலுமே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. விதி கெட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஓட்டத்துக்குப் புதியவர் என்ற நிலையிலேயே ஆபத்து இருக்கிறது. கூட்டும் வேகத்தை மட்டும் சரிசெய்து அதைத் தவிர்த்துவிட முடியாது.

எனவே பி.எம்.ஐ. 30-ஐத் தொட்டவர், முட்டி வலி உள்ளவர், 45 வயதைத் தாண்டியவர் ஆகியோருக்கு முதல் 12 வாரம் ஓட்டம் வேண்டாம், வாக்கிங் போதும். வேகத்துக்கு ஒரே ஒரு சோதனை: முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அரட்டையடித்தபடி கூட்டமாக நடப்பதில் இந்தச் சோதனை தேறாது. பாடவும் முடிகிற வேகம் அது. தொடக்கத்தில் 25 நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள். வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஐந்தாவது வாரத்தில் 45 வந்துவிடும்.

தமிழக அரசு 2023-இல் தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டம்தோறும் 8 கி.மீ. நடைப்பாதைகளை அறிவித்தார்கள். நல்ல திட்டம், ஆனால் 8 கி.மீ. என்பது போய்ச் சேர வேண்டிய தூரம், முதல் நாள் தூரம் இல்லை. 10,000 அடி என்ற இலக்கும் அப்படித்தான். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. இப்போது ஒரு நாளில் 3,000 அடி வைக்கிறவர் 4,500-க்குப் போவதே முதல் மாதத்துக்கு நல்ல முன்னேற்றம்.

30 வயதுக்குள் இருக்கிறவர், அதிக எடை 8, 10 கிலோதான் என்றால் ஓட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். தொடர்ந்து ஓடாமல் ஓடி நடந்து ஓட வேண்டும். 1996-இல் ஜாஷ் கிளார்க் உருவாக்கிய 'கவுச் டு 5கே' திட்டம் இதற்கு இன்றும் நன்றாக உதவுகிறது. ஒன்பது வாரம், வாரத்துக்கு மூன்று நாள். முதல் வாரத்தில் 5 நிமிடம் நடந்துவிட்டு, 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று 20 நிமிடம் மாறி மாறிச் செய்ய வேண்டும். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தை மறுபடி செய்ய வேண்டுமே தவிர அடுத்ததுக்குத் தாவக்கூடாது. பள்ளி, கல்லூரி அணியில் விளையாடியவர்கள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். பழைய வேகம் மனதில் இருக்கிறது, தசைநாணில் இல்லை.

ஜிம்மில் சேர்ந்தால்

எடை குறைக்கும் காலத்தில் வெயிட் தூக்குவது அவசியம் என்பதே எங்கள் கருத்து. உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் போகும். அதைத் தடுக்க வாக்கிங் போதாது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சியோடு, குறைந்தது இரண்டு நாள் தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது.

சிக்கல் ஜிம்மில் கொடுக்கும் அட்டவணையில் இருக்கிறது. "திங்கள் செஸ்ட், செவ்வாய் பேக், புதன் ஷோல்டர், வியாழன் லெக்" என்று ஆறு நாள் பிரித்துக் கொடுப்பது வருடக்கணக்கில் தூக்கிப் பழகியவர்களுக்கானது. ஒரே தசைக்கு ஒரே நாளில் நான்கு விதமான பயிற்சி, ஒவ்வொன்றிலும் நான்கு செட் (நிறுத்தாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்றுதான் ஒரு செட்). புதியவருக்கு 16 செட் என்பது மூன்று நாள் கையைத் தூக்க முடியாத வலி. அந்த வலி பயிற்சி முடிந்தவுடன் வராது. ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் முதல் நாள் "ஒன்றுமே செய்யவில்லையே" என்று தோன்றும்.

அதைவிட முழு உடலுக்கும் ஒரே நாளில், வாரத்துக்கு இரண்டு நாள் செய்வது நல்லது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது போன்ற ஸ்குவாட், சுவரிலோ மேசை விளிம்பிலோ புஷ்-அப், கேபிளிலோ டம்பெல்லிலோ இழுக்கும் ரோ, இடுப்பை மடக்கி டம்பெல் தூக்கும் டெட்லிஃப்ட், முழங்கையையும் கால்விரலையும் ஊன்றி உடலை நேராக நிறுத்தும் பிளாங்க் 20 விநாடி. ஐந்தே பயிற்சி. முதல் வாரம் ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு செட், 10 தடவை. இன்னும் மூன்று நான்கு தடவை செய்ய முடியும் என்ற நிலையிலேயே நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது, மூன்றாவது வாரம் இரண்டு செட். எல்லா செட்டிலும் 12 எளிதாக வந்தால் எடையை 1 முதல் 2.5 கிலோ கூட்டலாம். வீட்டில் செய்கிறவர்களுக்கு 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் 2 கிலோ, 5 லிட்டர் கேன் 5 கிலோ. தொடங்குவதற்கு இவையே போதும்.

முதல் வாரத்து ஒரு செட்டைச் சிலர் கேலி செய்வார்கள். அதற்கு உடலியல் காரணம் இருக்கிறது: ஒரு தசைக்கு ஒரு முறை லேசான வேலை கொடுத்துவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அதைப் பெரிதாகச் சேதப்படுத்தாது. அந்த ஒரு செட் தடுப்பூசி மாதிரி.

மறுபுறம், முதல் நாளே 100, 200 ஸ்குவாட் சவால், நிலையான சைக்கிளை வேகமாக மிதிக்கும் ஸ்பின்னிங் வகுப்பில் முதல் நாளே முழு மணி நேரம் என்று போனால் தசைச் செல்கள் உடைந்து உள்ளிருப்பது ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வரை பாதிக்கலாம். மருத்துவர்கள் இதை ராப்டோமயோலிசிஸ் என்பார்கள். அடையாளம்: தொடை கல் மாதிரி வீங்கி, தாங்க முடியாமல் வலிக்கும், சிறுநீர் கோலா நிறத்தில் போகும். இதற்கு வலி மாத்திரை போட்டுப் படுக்கக்கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சும்பா, ஹிட் வகுப்புகள்

இவற்றின் பலம் கூட்டம். சலிக்காது, தனியாக இருந்தால் போகாதவர்களும் போவார்கள். பலவீனமும் அதே கூட்டம்தான்: வகுப்பின் வேகத்தை முன்வரிசை தீர்மானிக்கிறது. இன்னொன்று, ஹிட் என்று பெயர் போட்டு ஒரு மணி நேரம் நடத்துவது. உண்மையான உச்ச முயற்சியில் ஒரு மணி நேரம் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. 1996-இல் ஜப்பானிய ஆய்வாளர் இசுமி தபாட்டா வெளியிட்ட முறையில் 20 விநாடி உச்ச முயற்சி, 10 விநாடி ஓய்வு, மொத்தமே ஏறக்குறைய 4 நிமிடம். அதில் பங்கேற்றவர்கள் ஏற்கெனவே விளையாட்டுப் பழக்கம் உள்ள இளைஞர்கள். அந்தப் பெயரில் யூடியூபில் வரும் 30 நிமிட பர்ப்பி (குந்தி, கால்களைப் பின்னால் நீட்டி, எழுந்து குதிப்பது) வீடியோ வேறு சரக்கு.

வகுப்புதான் பிடிக்கிறது என்றால், நான்கு வாரம் வாக்கிங் போட்டுவிட்டு, வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது விட்டுச் சேருங்கள். கடைசி வரிசையில் நின்று, குதிக்கும் இடத்தில் குதிக்காமல் ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும்படி செய்யலாம். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு குதிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சைக்கிளும் நீச்சலும் மூட்டுக்கு மிக நல்லவை. முட்டித் தேய்மானம் உள்ளவருக்கு வாக்கிங்கைவிட நிலையான சைக்கிள் மேல். பெடல் கீழே போகும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும் அளவுக்கு சீட்டை உயர்த்திக்கொள்ள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். நீச்சலுக்குக் குளமும் தெரிந்த கைவீச்சும் வேண்டும். தெரியாதவர் எடை குறைக்க என்று அதில் தொடங்குவது வீண் அலைச்சல்.

எவ்வளவு, எப்போது கூட்டுவது

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு எளிய கணக்கு உதவும். பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, எவ்வளவு கடினமாக இருந்தது என்று 10-க்கு மதிப்பெண் போட்டு, அதை நிமிடங்களால் பெருக்குங்கள். 25 நிமிட வாக்கிங், கடினம் 3 என்றால் 75. அப்படி நான்கு நாள் 300. 25 நிமிட வெயிட், கடினம் 4 என்றால் 100. இரண்டு நாள் 200. வார மொத்தம் 500. அடுத்த வாரம் 550, 600-க்குள் நிற்க வேண்டும். ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துவிடுங்கள்.

கூட்டும்போது ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்ட வேண்டும். முதலில் நாட்கள், பிறகு நிமிடங்கள், கடைசியாக வேகம். புது ஷூ, புது மேட்டுப்பாதை, கூடுதல் கிலோமீட்டர் மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால், வலி எதனால் வந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

சென்னை போன்ற கடலோர ஊர்களில் ஏப்ரல், மே மாதம் தொடங்குகிறவர் திட்டத்தில் எழுதியிருப்பதைவிட மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தே தொடங்க வேண்டும். வெயிலுக்கு உடம்பு பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வியர்வை உலராது, அதனால் உடம்பு குளிராது. அதே வேகத்தில் நடந்தாலும் இதயம் கூடுதலாக உழைக்கும்.

தராசும் சாப்பாடும்

முதல் இரண்டு வாரத்தில் எடை குறையாமல், ஒரு கிலோ ஏறவும் செய்யலாம். தசையில் சேமிக்கும் ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் (உடல் சேமித்து வைக்கும் சர்க்கரை) ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும். வலிக்கும் தசையும் கொஞ்சம் நீர் கோக்கும். கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும்போதே தராசு ஏற்றிக் காட்டும். இது தெரியாதவர் என்ன செய்வார்? இரவுச் சாப்பாட்டை நிறுத்துவார், மாலையில் இன்னொரு ரவுண்டு வாக்கிங் சேர்ப்பார். அளவு மீறல் இங்கேதான் தொடங்குகிறது. காலையில் கிரீன் டீ, மதியம் ஓட்ஸ், இரவு இரண்டு சப்பாத்தி என்று ஆயிரம் கலோரிக்குள் இருந்துகொண்டு தினமும் ஒன்றரை மணி நேரம் பயிற்சி செய்தால், தூக்கம் கெடும், முடி கொட்டும், பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகலாம், காயம் ஆறத் தாமதமாகும்.

ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. வாரத்துக்கு 800 கலோரி செலவாகும் வாக்கிங்கால் மட்டும் ஒரு கிலோ குறையப் பத்து வாரம் பிடிக்கும். ஆக, எடையைக் குறைக்கும் வேலையைச் சாப்பாடுதான் செய்ய வேண்டும். நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறைத்தால் போதும். சோற்றில் ஒரு கரண்டி, காபியில் சர்க்கரை, மாலை வடை, பஜ்ஜி என்று அது எட்டிவிடும். புரதம் மட்டும் குறையக்கூடாது: 85 கிலோக்காரருக்கு நாளுக்கு 70 முதல் 85 கிராம் வரை. இரண்டு முட்டையில் 12, வேகவைத்த கொண்டைக்கடலைச் சுண்டல் 100 கிராமில் 8 அல்லது 9, உலர்ந்த மீல்மேக்கர் 50 கிராமில் 25, மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20. தண்ணீராக ஊற்றும் சாம்பாரைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் வைக்க வேண்டும்.

இன்று செய்யலாமா, விடலாமா?

காலையில் படுக்கையிலிருந்து எழும் முன் ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணி ஒரு வாரம் எழுதி வையுங்கள். அந்தச் சராசரியைவிட 7, 8 துடிப்புக்கு மேல் இரண்டு மூன்று நாள் தொடர்ந்து இருந்தால், தூக்கமும் சரியில்லை என்றால், அன்று லேசாக 20 நிமிடம் நடந்தால் போதும்.

வலிக்கு வேறு கணக்கு. இரண்டு காலிலும் பரவலாக இருக்கும் தசை வலி, நடக்க நடக்கக் குறைகிறது என்றால் தொடரலாம். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில், ஒரு பக்கம் மட்டும், போகப்போக அதிகமாகும் வலி என்றால் அங்கேயே நிறுத்த வேண்டும். காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடிகளில் குதிகால் குத்தினால் அது பாதத்தின் அடிப்பட்டைக் கோளாறு. ஓட்டத்தை நிறுத்திவிட்டு சைக்கிளுக்கு மாறி, கெண்டைக்கால் நீட்டும் பயிற்சி செய்யலாம். மாடிப்படி இறங்கும்போது மட்டும் முட்டியின் முன்பக்கம் வலித்தால், ஸ்குவாட்டின் ஆழத்தைக் குறைக்க வேண்டும். நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல் வந்தால் அது பயிற்சிக் கேள்வியே அல்ல. உடனே அவசர சிகிச்சை.

மாத்திரைகளும் கணக்கில் வரும். பி.பி.க்கு அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்றவை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு அவ்வளவாக ஏறாது; அவர்கள் துடிப்பை விட்டுவிட்டு, பேச முடிகிறதா என்ற சோதனையையே நம்ப வேண்டும். சுகருக்கு கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவர் வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் நடந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பயிற்சி தொடங்கும் முன்பே மருந்தளவை மருத்துவரிடம் பேசிவிட வேண்டும்; சட்டைப் பையில் குளுக்கோஸோ மிட்டாயோ எப்போதும் இருக்கட்டும். படி ஏறினாலே மூச்சு வாங்கும் பெண்கள் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுவது நல்லது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. அந்தக் களைப்பைப் பயிற்சியின் தலையில் கட்டிவிடுவது எளிது.

நம் 85 கிலோக்காரருக்கு எங்கள் தேர்வு: திங்கள், புதன், வெள்ளி, ஞாயிறு வாக்கிங்; செவ்வாய், சனி வெயிட்; வியாழன் ஓய்வு. ஆறாவது வாரத்துக்குப் பிறகு, ஆசைப்பட்டால், ஞாயிற்றுக்கிழமை வாக்கிங்கின் நடுவில் ஆறு தடவை 30 விநாடி வேக நடை. ஓட்டம் 12 வாரம் கழிந்து, எடை நான்கைந்து கிலோ குறைந்த பிறகு.

இடையில் விட்டுப்போவது உண்டு. பொங்கல், தீபாவளி என்று ஒரு வாரம் போனால் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு மூன்று வாரம் போனால் பாதி அளவில் தொடங்கி இரண்டு வாரத்தில் பழைய இடத்துக்கு வரலாம். காய்ச்சல் இருக்கும்போது பயிற்சி கூடாது. காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று நாள் கழித்து, 15 நிமிட நடையோடு தொடங்கினால் போதும். சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மூட்டு வலி பல வாரம் நீடிக்கலாம். காலையில் எழும்போது மூட்டில் இருக்கும் இறுக்கம் குறையும் வரை வெயிட்டையும் குதிப்பதையும் தள்ளிவைத்து, சமதரையில் நடை அல்லது சைக்கிளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.